ஆலைக்குப் பின் வந்த வகுப்பறை: ஸ்ரீ சித்ரா நிறுவனத்தின் உயிர்மருத்துவப் பொறியியல்

1970களில் இதய வால்வு பழுதடைந்து இந்திய மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் பலர் இளம் வயதினர். தொண்டையில் தொடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி, வால்வுகளைத் தடிக்கவைத்து ஒட்டவைத்துவிடும். அன்று மாற்று வால்வு இறக்குமதியாக வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அதன் விலை எட்டவில்லை.

இந்தச் சூழலில்தான் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ மையம் உருவானது. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் கட்டடத்தை வழங்கியது. முதல் இயக்குநர், இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான். மருத்துவமனையோடு பொறியியல் ஆய்வுப் பிரிவும் ஒரே நிர்வாகத்தில் இயங்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பூஜப்புரையில் அரண்மனை வளாகம் ஒன்று ஆய்வுக்கூடமாயிற்று. 1980இல் நாடாளுமன்றச் சட்டம் இந்த மையத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

பாடத்திட்டம், பிறகு ஆய்வு, கடைசியில் தொழில்துறை என்பதே பல்கலைக்கழகங்களின் வழக்கமான வரிசை. இங்கே அது தலைகீழானது. இந்நிறுவனத்தின் வலிமைக்கு அதையே முதன்மைக் காரணமாக நான் கருதுகிறேன்.

இங்கே உருவான செயற்கை இதய வால்வின் கதை இதற்குச் சான்று. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்தால், ஓராண்டில் வால்வு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். இரத்தம் அதன்மேல் உறையக் கூடாது. உலோகம் தேயவும் கூடாது. சாய்ந்து திறக்கும் ஒற்றை வட்டு அமைப்பைத் தேர்ந்தார்கள். தொடக்க மாதிரிகள் தேய்மானத்திலும் முறிவிலும் தோற்றன. அடுத்து, மிகக் கடினமான செயற்கை நீலக்கல்லில் வட்டு செய்தார்கள். செம்மறி ஆட்டுக்குப் பொருத்திய அந்த வட்டு உடைந்து ஆடு இறந்தது. கடினம் மட்டும் போதாது, அதிர்ச்சியைத் தாங்கும் தன்மையும் வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. இறுதி வடிவில் சட்டகம் கோபால்ட், குரோமியம் சேர்ந்த ஹெய்ன்ஸ்-25 உலோகக்கலவை. வட்டு மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎதிலீன். தையல் வளையம் பாலியெஸ்டர் துணி. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது.

இத்தனை தோல்விகளையும் ஒரு தனியார் நிறுவனம் பொறுத்திருக்குமா என்பது ஐயமே. பொதுப்பணம் அந்தப் பொறுமைக்கு இடம் தந்தது. சோதனைகளைக் கடந்த வால்வின் உற்பத்தியைச் சென்னையின் டிடிகே குழுமம் ஏற்றது. டிடிகே சித்ரா என்ற பெயரில் இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. இதற்கு முன்பே இரத்தப் பைத் தொழில்நுட்பம் பெனின்சுலா பாலிமர்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தது. அந்த நிறுவனம் பின்னர் டெருமோ பென்போல் ஆனது.

ஆய்வகத்தில் கைவந்தது ஆலையில் கைவராமல் போகலாம். ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கில் செய்வது தனி அறிவு. ஒவ்வொரு கட்டத்தையும் பதிவுசெய்யும் ஒழுங்கும் அதில் அடக்கம். ஆய்வாளர்கள் இதைத் தொழிற்சாலையோடு சேர்ந்துதான் கற்றார்கள்.

இந்தப் பட்டறிவு சேர்ந்த பிறகே கிளினிக்கல் எஞ்சினியரிங் எம்.டெக். வந்தது. சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, ஸ்ரீ சித்ரா மூன்றும் கூட்டாக நடத்தும் படிப்பு அது. பொறியியல் பாடங்கள் ஐஐடியில். மருத்துவமனைப் பயிற்சியில் மாணவர் வார்டிலும் அறுவை அரங்கிலும் மருத்துவர்களுடன் நின்று, எந்தக் கருவி எங்கே தடுமாறுகிறது என்று நேரில் பார்க்கிறார். ஆய்வுக்கான கேள்வியை அவர் அங்கிருந்தே எடுத்துவர வேண்டும்.