ஒரே மாத்திரை, இரு நோயாளிகள்: இந்தியாவில் மனித மருந்தும் நாய் மருத்துவமும்

வளர்ப்பு நாய்க்கு மனிதருக்கான மாத்திரையை வாங்கிக் கொடுப்பதை இருவிதமாகப் பேசுவது வழக்கம்: ஒன்று, அது விதிமீறல், மற்றொன்று, அது நடுத்தர வர்க்கத்தின் சிக்கனத் தந்திரம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தைப் படிப்பவருக்கு இவ்விரண்டும் அவசர முடிவுகளாகவே தோன்றும். அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு 'மருந்து' என்பதற்குத் தரும் வரையறை, 'மனிதர் அல்லது விலங்குகள்' உள்ளும் புறமும் பயன்படுத்தும் மருந்துகள் அனைத்தையும் ஒரே சொற்றொடருக்குள் அடக்குகிறது. இந்த 'அல்லது' பிரிக்கும் இடைச்சொல் அன்று, சேர்க்கும் இடைச்சொல். ஆர். என். சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930–31இல் கண்டது போலிகளும் தரங்கெட்ட சரக்கும் நிறைந்த ஒரு சந்தையை. அச்சந்தையை ஒழுங்குபடுத்த வந்த சட்டத்துக்கு மருந்தின் தரமே கவலை. அதை விழுங்குபவர் எத்தனை கால்களில் நடக்கிறார் என்பது அன்று.

1945இல் வந்த விதிகள் இந்த ஒருமையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. மருத்துவச் சீட்டில் நோயாளியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மருந்து விலங்குக்கானதாயின் விலங்கின் உடைமையாளருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஆக, நாய்க்கான சீட்டுடன் மருந்துக் கடைக்கு ஒருவர் வரக்கூடும் என்பதை விதிகள் எதிர்பார்த்தே எழுதப்பட்டுள்ளன. அதே விதிகளில் மற்றொரு கூறும் உண்டு. விலங்குகளுக்கென்று தயாரித்த மருந்தின் மேல் 'மனிதப் பயன்பாட்டுக்கு அன்று. விலங்குச் சிகிச்சைக்கு மட்டும்' என்ற வாசகமும் வீட்டு விலங்கொன்றின் தலைப் படமும் அச்சிடப்பட வேண்டும். மனித மருந்தின் மேல் 'விலங்குக்கு அன்று' என்று எழுதும்படி எந்தப் பொது விதியும் கோரவில்லை. தடை ஒரு திசையில் மட்டுமே. விலங்கு மருந்து மனிதரிடம் வரலாகாது. மனித மருந்து விலங்கிடம் போவதைப் பற்றி அட்டைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இந்த மௌனம் கலைந்தது 2008இல், ஒரே ஒரு மருந்துக்காக. அதற்குக் காரணமானவை பறவைகள்.

காலனியக் கால்நடை மருத்துவத்தில் நாய்க்கு இடம் சிறிது. பிரிட்டிஷ் அரசின் அக்கறை முதலில் படைக்குதிரை மீது, பிறகு உழவுமாடு மீது. 1889இல் புனேயில் தொடங்கி 1893இல் குமாவுன் மலையிலுள்ள முக்தேஸ்வருக்குப் பெயர்ந்த பேரரசு நுண்ணுயிரியல் ஆய்வகம் மாட்டு வெக்கை நோய்க்கு எதிராகவே தன் பெரும் ஆற்றலைச் செலவிட்டது. நாய் அரசின் கண்ணில் பட்டது நோயாளியாக அன்று, நோய் பரப்பியாக. கசௌலியில் 1900இலும் குன்னூரில் 1907இலும் எழுந்த பாஸ்டர் நிலையங்கள் நாயால் கடிபட்ட மனிதருக்கானவை. பம்பாயில் தின்ஷா பெட்டிட் குடும்பத்தின் கொடையால் எழுந்த விலங்கு மருத்துவமனை போன்ற சில விதிவிலக்குகள் இருந்தன. ஆனால் நாய்க்கென்று தனி மருந்துத் தொழில் எதுவும் விடுதலைக்கு முன் இங்கே வேர்விடவில்லை. நம் மொழியிலேயே இதன் தடம் இருக்கிறது: நாயைப் பார்ப்பவரும் 'கால்நடை மருத்துவர்'தான், ஆனால் கால்நடை என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் வருவது மாடும் ஆடும்.

நாய்க்கான மருந்துத் தொழில் இல்லாத நாட்டில் மனிதருக்கான மருந்துத் தொழில் மிகப் பெரிதாக வளர்ந்தது. 1950களில் இந்தியாவில் மருந்து விலை உலகின் உயர்ந்த விலைகளுள் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கீஃபாவர் குழுவே குறிப்பிட்டது. நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை அதன் காரணத்தைக் காட்டியது. இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவர் வசம் இருந்தன; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை. அவ்வறிக்கையின் வழிவந்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே. அதுவும் ஐந்து முதல் ஏழாண்டுகள் வரை. வேறு வழியில் அதே மூலக்கூறைச் செய்யத் தெரிந்த எவரும் அதை விற்கலாம். கவனிக்கத்தக்கது ஒன்று: இச்சட்டமும் தன் மூல வடிவில் மருந்தை வரையறுக்கும்போது 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே தொடரைத்தான் எடுத்தாண்டது. மலிவு மருந்தின் கதவு மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே சட்டத்தால் திறக்கப்பட்டது.

கதவு ஒன்று, ஆனால் உள்ளே கிடைத்த பங்கு ஒன்றன்று. மனிதச் சந்தை கோடிகளில். ஒரு மூலக்கூறுக்குப் பல உற்பத்தியாளர்கள், கடும் போட்டி, போதாததற்கு அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைகள். விலங்குச் சந்தை சிறிது. அதற்குள்ளும் நாய்ச் சந்தை மிகச் சிறிது. ஒரே மூலக்கூறு நாய்ப் படம் போட்ட பெட்டியில், இறைச்சிச் சுவை சேர்த்து வரும்போது விலை ஏறுவது இயல்பே. எனவே மருத்துவரின் சீட்டில் மனித மருந்தின் பெயர் இடம்பெறுவது விதிவிலக்காக அன்றி வழக்கமாகவே ஆயிற்று. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால், இதயம் தளர்ந்த கிழ நாய்க்கு ஃப்ரூசமைடும் எனலாபிரிலும் — யாவும் மனிதருக்கான மாத்திரை அட்டையிலிருந்தே வருபவை. இவற்றைத் தந்திரம் என்று சொல்வது பொருந்தாது. பல குடும்பங்களுக்கு இதுவே சிகிச்சை. இதற்கு மாற்று, சிகிச்சையின்மை.

ஆனால் மூலக்கூறு ஒன்று என்பதால் அளவும் ஒன்றாகிவிடாது. தைராய்டு சுரப்புக் குறைந்த 30 கிலோ நாய்க்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 600 மைக்ரோகிராம் லீவோதைராக்சின் வேண்டும். 60 கிலோ மனிதருக்கு நாள் முழுவதற்குமே ஏறத்தாழ 100 போதும். மனித உடலில் அதன் அரையாயுள் ஒரு வாரம். நாயுடலில் அரை நாள் அளவே. சீட்டைப் பார்க்கும் கடைக்காரர் எழுத்துப் பிழை என்று அளவைக் குறைத்துக் கொடுத்தால் நாய்க்கு மருந்தே கிடைக்காததற்குச் சமம். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. மனித வீட்டில் தலைவலிக்குப் புழங்கும் ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, அதைச் செரித்து வெளியேற்றும் நொதி வழி பூனையின் கல்லீரலில் வலுவற்றது என்பதால். சில குழந்தை மருந்துச் சாறுகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இன்சுலினைத் திடீரென உயர்த்தி இரத்தச் சர்க்கரையை வீழ்த்தும். மருந்து சரியானதாகவே இருந்தாலும் அதைக் கரைத்த இனிப்பு கொல்லும்.

இவை தனி உடல்களின் கதைகள். ஒரு மலிவு மனித மருந்து நாட்டின் நிலக்காட்சியையே மாற்றிய கதை வேறு.

டைக்ளோஃபெனாக் 1970களில் சுவிட்சர்லாந்தின் சிபா-கைகி நிறுவனம் மனித மூட்டு வலிக்காகக் கொண்டுவந்த மருந்து. 1990களின் முதற்பாதியில் இந்திய உற்பத்தியாளர்களால் அதன் விலை சரிந்தது; அதே காலத்தில் அது மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தது. மடிவீக்கமும் நொண்டலும் கொண்ட மாட்டுக்கு ஓர் ஊசியில் வலி தணிந்தது. உழவர் பார்வையில் அதில் குறை காண ஒன்றுமில்லை. மாடு எழுந்து நின்றது. எழாமல் இறந்த மாடுகள் வழக்கம்போல ஊர்ப்புறத்தில் இடப்பட்டன, வழக்கம்போலப் பாறு கழுகுகள் இறங்கின. பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுகள் கிளையில் கழுத்துத் தொங்கி அமர்ந்திருப்பதையும் விழுந்து மடிவதையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் பதிவு செய்து 1999இல் வெளியிட்டார். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறின் தொகை 99.9 விழுக்காடு சரிந்தது. முதலில் வைரஸ் தேடப்பட்டது, கிடைக்கவில்லை. லிண்ட்சே ஓக்ஸும் உடன் ஆய்வாளர்களும் பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தபோதுதான் விடை தெரிந்தது: டைக்ளோஃபெனாக் படிந்த இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து அவை இறந்தன. கொல்லும் அளவு மருந்து கொண்ட பிணங்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே இவ்வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிடப்பட்டது.

2006 மே மாதத்தில் விலங்குகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை மையக் கட்டுப்பாட்டு அதிகாரி நிறுத்தச் சொன்னார். நின்றது விலங்குப் பெட்டி மட்டுமே. மனிதருக்கான 30 மில்லி குப்பி அடுத்த கடையிலேயே இருந்தது. மனிதருக்கு ஒரு வேளை அளவு 3 மில்லி. பத்து வேளை மருந்தை ஒரே குப்பியில் அடைப்பதால் யாருக்கு வசதி என்பதை ஊகிப்பது கடினமன்று. மனித டைக்ளோஃபெனாக் மேல் 'விலங்குப் பயன்பாட்டுக்கு அன்று' என்று அச்சிடும்படி 2008இல் நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது. முன்னர்க் கண்ட ஒருதிசைத் தடை முதன்முறையாகத் திரும்பி நின்றது இங்கேதான். வாசகத்தால் பயன் குறைவு. 2015 ஜூலையில் அரசு மனித ஊசிமருந்தை 3 மில்லி ஒற்றை அளவுக்குச் சுருக்கியது. எழுத்தால் முடியாததைக் குப்பியின் வடிவத்தால் செய்ய முனைந்த இம்முடிவை உற்பத்தியாளர்கள் எதிர்த்தனர். சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

நாய் இக்கதைக்குள் வருவது பிணம் கிடந்த இடத்தில். பாறுகள் விட்டுச்சென்ற இறைச்சிக்கு நாய்கள் வந்தன, பெருகின. 1992க்கும் 2006க்கும் இடையே இவ்வாறு கூடிய நாய்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்றும், அவற்றால் ஏற்பட்ட கூடுதல் வெறிநாய்க்கடி இறப்புகள் 47,000க்கு மேல் என்றும் அனில் மார்கண்டேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் மதிப்பிட்டனர். இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோரின் 2024ஆம் ஆண்டுக் கட்டுரை நீர் மாசு முதலியவற்றையும் சேர்த்து, 2000–2005 காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கூடுதல் மனித இறப்புகள் என்கிறது. மதிப்பீடுகளே ஆயினும் இவற்றின் அளவு திகைக்கவைப்பது. (1832இல் பம்பாயில் நாய்களைக் கொல்வதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் பார்சிகள்; இறந்தோர் முன் நாயை நிறுத்தும் 'சக்தீத்' அவர்களுடைய ஈமச்சடங்கின் பகுதி. நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து அவர்களுடைய மௌன கோபுரங்களின் வானம் பாறுகளின்றி வெறுமையானது.)

இந்நிகழ்விலிருந்து 'மனித மருந்தை விலங்குக்குத் தரலாகாது' என்ற பாடத்தை எடுப்போர் உண்டு. அது தவறான வாசிப்பு. பாறுகளுக்குத் தீங்கற்றது என 2006இல் நிறுவப்பட்ட மாற்று மருந்தான மெலாக்சிகாமும் மனித மூட்டுவலிக்குப் புழங்குவதே. அதை உழவர் ஏற்கும் விலைக்குக் கொண்டுவந்ததும் இந்திய ஜெனரிக் தொழிலே. பழுது மருந்தின் இனத்தில் இல்லை. ஒரு மூலக்கூறு இனம் விட்டு இனம் தாண்டும்போது அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்க எவருக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படாமையில் இருந்தது. நாயின் உடல் பாறுக்கு உணவாவது அரிது. எனவே நாய்க்குக் கொடுத்த மாத்திரையின் விளைவு பெரும்பாலும் நாயோடு நின்றுவிடும். அதனாலேயே அதைப் பற்றி எவரும் சட்டம் இயற்றவில்லை போலும்.

அமெரிக்கா 1994இல், மனித மருந்தைக் கால்நடை மருத்துவர் எந்த நிபந்தனைகளில் விலங்குக்கு எழுதலாம் என்று தனிச் சட்டமே இயற்றியது. இந்தியாவின் 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய பகுதி இல்லை. 'அல்லது' என்ற ஒரு சொல்லின் நிழலில் மருத்துவர்கள் எழுதுகிறார்கள், கடைகள் கொடுக்கின்றன. மனிதருக்கான மக்கள் மருந்தகத் திட்டம் 2008இல் தொடங்கியது. விலங்குகளுக்கு அதையொத்த ஏற்பாடு வர 2025 மார்ச் வரை ஆயிற்று: கால்நடை நலம், நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குள் 'பசு ஔஷதி' என்ற கூறு சேர்க்கப்பட்டு, தரமான ஜெனரிக் கால்நடை மருந்துகளுக்கென 75 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. விற்பனை கூட்டுறவுச் சங்கங்கள், உழவர் சேவை மையங்கள் வழியே.

பெயர் கவனத்துக்குரியது. இந்தியில் 'பசு' விலங்குப் பொது. தமிழ்க் காதில் அது மாடு. வேத மரபின் பழைய ஐவகைப் பசுக்களில் மாடு, குதிரை, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றோடு மனிதரும் இடம்பெறுகின்றனர், நாய் இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக்கு மாடு வைத்திருப்பவர் போவார். வலிப்பு வந்த நாயை வைத்திருப்பவர் இன்றும் தன் பெயர் எழுதிய சீட்டுடன் தெருமுனை மருந்துக் கடைக்கே போகிறார். நோயாளிக்கு வயது என்ன என்று கடைக்காரர் கேட்கிறார்.