காணியும் ஞானஸ்நானமும்

ஓர் இனத்தார் மூதாதையர் வழிபாட்டைக் கைவிட்டுக் கிறிஸ்தவத்தைத் தழுவினர் எனக் கேட்டதும், அருளின் வெற்றி என்பர் சிலர். அரிசிக்கு விலைபோன கதை என்பர் வேறு சிலர். பின்னைய கூற்று நம் ஆசிரியர் அறைகளிலும் ஒலிப்பதுண்டு. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் வாழும் முண்டா மக்களின் வரலாற்றை நோக்குமிடத்து, இரண்டும் பொருந்தாமை புலனாகும்.

காட்டை வெட்டித் திருத்திய குலத்தார்க்கே நிலம் பொதுவில் உரியது என்பது முண்டாக்களின் வழமை. குந்த்கட்டி என்பது அதன் பெயர். வெட்டாது விட்ட காட்டுப் பகுதியே சர்னா. ஊர்த் தெய்வங்களின் உறைவிடம் அது. முன்னோர் எலும்புகளைப் புதைத்து மேலே இட்ட பெருங்கற்களே அவர்களுக்குக் காணி உறுதி. சிங்போங்காவை முழுமுதலாக வணங்கிய சமயம் இவ்வாறு மண்ணோடு பிணைந்திருந்தது. ஆதலின், ஜமீன்தாரும் குத்தகைக்காரரும் வட்டிக்காரரும் நிலத்தைப் பறித்தபோது தெய்வங்களும் நிலைகுலைந்தன. 1831-32இல் எழுந்த கோல் கிளர்ச்சியை ஆங்கிலேயர் படைகொண்டு அடக்கினர்.

1845இல் ஜேர்மனியக் கொஸ்னர் மிஷனைச் சேர்ந்த நால்வர் ராஞ்சிக்கு வந்தனர். முதல் ஞானஸ்நானம் வழங்க 1850 வரை காத்திருக்க நேர்ந்தது. பெற்றோரும் அயலவரான ஒறாவோன் இனத்தாரே. போதனை மட்டும் மக்களைப் பெருந்தொகையில் அசைக்கவில்லை என்பதே நம் கருத்து. 1885இல் அங்கு வந்த பெல்ஜிய இயேசுசபைக் குரு கொன்ஸ்தந்த் லீவன்ஸ், நில வழமைகளைக் கற்று, நீதிமன்ற வழக்குகளில் குடியானவர்க்குத் துணைநின்றார். சில ஆண்டுகளுள் பல்லாயிரவர் திருச்சபை புகுந்தனர். இதனை ஏமாற்று என்பதற்கில்லை. எழுத்தும் சட்டமும் எதிரியின் கையில் இருக்க, அவற்றை அறிந்த ஒருவரை நாடியது அம்மக்களின் விவேகமே.

ஆயினும் இழந்த நிலம் மீளவில்லை. சாய்பாசாவில் ஜேர்மனிய மிஷன் பள்ளியிற் பயின்ற பிர்சா முண்டா அம்மிஷனை விட்டு விலகினார். பாதிரியும் துரையும் ஒரே தொப்பி அணிந்தவர் என்ற எண்ணம் அப்போது பரவியிருந்தது. 1895இல் அவர் போதித்த புதிய சமயம் பாதிரிமாரை எதிர்த்தது. ஆனால் ஒரே கடவுளை வணங்கவும், ஏனைய போங்காக்களுக்குப் பலியிடுதலைக் கைவிடவும் சொன்னது. பள்ளியிற் கற்ற பாடம் அதில் மறைந்துவிடவில்லை!

1899ஆம் ஆண்டு நத்தார் முந்திய இரவில் கிளர்ச்சி வெடித்தது. சர்வதா மிஷன்மீதும் அம்புகள் பாய்ந்தன. 1900 யூன் 9ஆம் நாள் பிர்சா ராஞ்சிச் சிறையில் மாண்டார். சர்வதாவில் இருந்த குரு ஹொஃப்மன், பின்னர் முண்டா வழமைகளை விளக்கியுரைத்து, 1908ஆம் ஆண்டின் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் உருவாவதிற் பங்குகொண்டார். குந்த்கட்டி உரிமை அதில் இடம்பெற்றது. பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளாயினும், அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.