துளைக்காசின் பெயர்

நடுவில் சதுரத் துளையுள்ள பழைய சீன நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் ‘கேஷ்’ என்கிறார்கள். சீனர்களுக்கு அது ‘சியன்’. அந்தக் கேஷ் நம்முடைய காசுதான். கீழைக்கடல் வணிகத்தில் போர்த்துகீசியர் காசைக் ‘கைஷா’ ஆக்கிச் சில்லறை நாணயங்களுக்கெல்லாம் சூட்டினர். ஆங்கிலேயர் வாயில் அது கேஷ் ஆனது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு. அதன் வேர், பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்.

தமிழில் காசு நாணயம் மட்டுமன்று. சங்கப் பாடல்களில் அணிகலனில் கோத்த பொன்மணியும் காசு. சோழர் கல்வெட்டுகளில் அது நாணயம். கும்பினிக் காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

‘சியன்’ முதலில் ஓர் உழவுக் கருவியின் பெயர். பழஞ்சீனத்தில் மண்வெட்டி வடிவிலேயே நாணயம் வார்த்தார்கள். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் அரசு, வட்டமான ‘பான் லியாங்’கைப் பொது நாணயமாக்கியது. பெயரின் பொருள் அரை லியாங் எடை. கி.மு. 118இல் வந்த ‘வூ ஷூ’வும் எடைப்பெயரே. கி.பி. 621இல் தாங் அரசு வெளியிட்ட ‘காய்யுவான் தோங்பாவ்’ நாணயத்தில் எடைப்பெயர் இல்லை. பத்து நாணயம் ஒரு லியாங் என்றிருந்ததால், லியாங்கில் பத்தில் ஒரு பங்கு எடைக்குச் ‘சியன்’ என்றே பெயர் வந்தது. எடையிடம் பெயர் வாங்கிய நாணயம், எடைக்கே பெயர் கொடுத்தது.

சதுரத் துளைக்கும் வேலை உண்டு. வார்த்த காசுகளைச் சதுரக் கம்பியில் செருகினால் சுழலாது. விளிம்புகளை ஒருசேர அராவலாம்.

அடையாளம் காண, துளையைச் சுற்றியுள்ள நான்கு எழுத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மேல், கீழ், வலம், இடம் என்பதே வரிசை. சோங் காலக் காசுகள் பலவற்றில் வலஞ்சுழியாக வாசிக்க வேண்டும். பிற்காலக் காசுகளில் முதலிரண்டு எழுத்து பொதுவாக ஆட்சிப்பெயர். ‘சியன்லோங் தோங்பாவ்’ என்றிருந்தால் அந்த ஆட்சி 1736 முதல் 1795 வரை. சிங் காலக் காசின் பின்புறத்தில் பெரும்பாலும் மஞ்சு எழுத்தில் அக்கசாலையின் பெயர் இருக்கும். உலோகமும் சாட்சி சொல்லும்: மிங் ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டில்தான் வெண்கலம் விலகிப் பித்தளை வந்தது. பித்தளையில் ஒரு சோங் காசு கிடைத்தால் ஐயப்படலாம்.

சோங் காலக் காசுகள் தஞ்சை வட்டாரத்தில் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. அந்தக் காலம் 1279இல் முடிந்தது. போர்த்துகீசியர் இந்தியா வந்தது 1498இல். தமிழ்ச்சொல் கப்பலேறிச் சீனக் காசைச் சேர்வதற்கு முன்பே சீனக் காசு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது.