கதவு இலக்கம் இல்லாத முகவரி

பதுளைப் பக்கம் எங்கள் லயத்துக்கு வரும் கடிதத்தில் பெயர் இருக்கும், பிரிவு இருக்கும், தோட்டத்தின் பெயரும் தபாற்கந்தோரும் இருக்கும். வீட்டு இலக்கம் மட்டும் இருக்காது. எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து நாலு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. "அதே பேருல மேல் லயத்துல ஒரு புள்ள இருக்கும்மா, அங்க போயிருச்சு" என்றார்கள். அவ்வளவுதான் விளக்கம்.

இது ஞாபகம் வந்தது ஒரு விசித்திரமான இடத்தில். கம்ப்யூட்டர் படிக்கும் தோழி ஒருத்தி, தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் என்ற கட்டளையைக் காட்டினாள். அதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எந்தக் கணினி, அதில் எந்தக் கதவு. கதவுக்குப் பெயர் போர்ட். கதவைச் சொல்லாவிட்டால் 22க்குப் போகும். 1995இல் பின்லாந்தின் தாத்து இலோனென், தன் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடுபோன பிறகு இதை எழுதினார். பழைய எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டார், கிடைத்தது.

சிக்கல் முக்காற்புள்ளியில். இணைய முகவரிகளில் கணினிப் பெயருக்குப் பிறகு முக்காற்புள்ளி வைத்துக் கதவு எண்ணை எழுதுவது வழக்கம். பிறகு வந்த ஐபிவி6 முகவரிகளோ உள்ளேயே முக்காற்புள்ளி வைத்து எழுதப்படுபவை. ::1:22 என்று எழுதினால் அது ::1 என்ற கணினியின் 22ஆம் கதவா, அல்லது முழுவதும் ஒரே கணினியின் முகவரியா? இரண்டுமே சரியான வாசிப்பு. 1999இல் ஆர்எஃப்சி 2732 சதுர அடைப்புக்குறியைக் கொண்டுவந்தது: [::1]:22. வீடு எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று இப்போது தெரியும். எஸ்எஸ்எச் கட்டளையோ கதவைத் தனியாகவே கேட்கிறது. பெயரோடு முக்காற்புள்ளி போட்டு ஒட்டினால் "அப்படி ஒரு கணினி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். திருப்பியாவது அனுப்புகிறதே!

தோட்டத்தில் "இல. 4" என்றால் நாலாம் லயமா, நாலாம் காம்பிராவா? கதவு சொல்லாத கடிதம் போகும் 22ஆம் கதவு தோட்ட ஆபிஸ். எஸ்எஸ்எச்சில் அந்த வழக்கம் வசதிக்காக. நமக்கு அது, ஆட்களைத் துரையின் கணக்கில் எழுதிய காலத்து வழக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா கம்பெனியின் சொத்து, அதில் இருப்பவரும் பேரேட்டில் ஒரு வரி.

இது வெறும் தபால் விஷயமும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலோரை வெளியே தள்ளியது. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், தொடர்ந்து இங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. மணமானவர்களுக்கு 7 வருஷம், மற்றவர்களுக்கு 10. தன் பெயரில் ஒரு கதவு இலக்கம்கூட இல்லாதவர் எதைக் காட்டுவார்? தோட்டப் பதிவேட்டைத்தான். அதுவும் அவர் கையில் இல்லை.

தோழியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ உங்க லயத்துக்கும் ஒரு அடைப்புக்குறி போடணும்டி" என்று சிரித்தாள். போன லீவில் தம்பி எங்கள் கதவில் சுண்ணாம்பால் 4/7 என்று எழுதிவைத்தான், நாலாம் லயம், ஏழாம் காம்பிரா. வங்கிப் படிவத்திலும் அதையே எழுதினேன். கடிதம் இன்னும் ஆபிசுக்குத்தான் போகிறது.