சொல் மறுக்கப்பட்ட ஆண்டு: இத்தாலி 1978

1978 மே 9 அன்று இத்தாலியில் இரண்டு உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஒன்று ரோம் நகரில், கயெதானி தெருவில் நிறுத்தப்பட்டிருந்த சிவப்பு நிற ரெனோ காரின் பின்புறத்தில் கிடந்தது. மற்றொன்று சிசிலித் தீவின் சீனிசி என்னும் சிற்றூரை ஒட்டிய இருப்புப்பாதையில் வெடியில் சிதறிக் கிடந்தது. முன்னவர் ஐந்து அமைச்சரவைகளுக்குத் தலைமை தாங்கிய அல்தோ மோரோ. பின்னவர் ஒரு சிறு வானொலியில் மாஃபியாவை எள்ளி நகையாடிவந்த முப்பது வயது இளைஞர் பெப்பினோ இம்பாஸ்தாதோ. அன்று உலகம் முதல் மரணத்தை மட்டுமே அறிந்தது.

வட்டத்தின் பத்தாண்டு நிறைவைப் போற்றும் இம்மலரில், தொலைநாட்டு அரசியல் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அந்த ஆண்டின் வரலாற்றை ஆயுதங்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். அதைச் சொல்லின் வரலாறாகவும் படிக்க முடியும் என்பது என் எண்ணம். கடிதம் எழுதிய ஒருவரை நோக்கி, ‘இது உன் எழுத்தன்று’ என்றனர் அவருடைய சொந்த நண்பர்கள். தன் பேச்சுக்காகக் கொல்லப்பட்ட மற்றொருவருக்கோ, அவர் வாழ்வுக்கு நேர்மாறான ஒரு கதை கட்டப்பட்டது. எழுத்தை நம்பி வாழ்கிற நமக்கு இவ்விரண்டிலும் பாடம் உண்டு.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகர வங்கியொன்றில் வெடித்த குண்டு 17 பேரைப் பலிகொண்டது. தீவிர வலதுசாரிகளின் அச்செயலுக்குக் காவல்துறை முதலில் அராஜகவாதிகள்மீது பழி சுமத்தியது. அரசின் சொல்மீது குடிமக்கள் கொண்டிருந்த நம்பிக்கை அப்போதே உடைந்தது. 1970இல் ‘செம்படையணி’ என்னும் இடதுசாரி ஆயுதக்குழு தோன்றியது. பணத்துக்காக ஆள்கடத்துவது குற்றக்கும்பல்களுக்கு ஒரு தொழிலாகவே ஆயிற்று. இத்தாலியர் இக்காலத்தை ‘ஈய ஆண்டுகள்’ என்பர். ஈயம் என்பது இங்கே துப்பாக்கிக் குண்டு. 1976 தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 38.7 விழுக்காடும் கம்யூனிஸ்டுக் கட்சி 34.4 விழுக்காடும் வாக்குகள் பெற்றன. சிலி நாட்டில் 1973இல் நடந்த இராணுவக் கவிழ்ப்பைக் கண்டு, கம்யூனிஸ்டுத் தலைவர் பெர்லிங்குவேர் ‘வரலாற்றுச் சமரசம்’ என்னும் கருத்தை முன்வைத்திருந்தார். எதிர்த்தரப்பிலிருந்து அதற்குக் கைநீட்டியவர் மோரோ.

1978 இரத்தத்தோடுதான் பிறந்தது. ஜனவரி 7 அன்று ரோமில் நவபாசிசக் கட்சி அலுவலகத்தின் வாசலில் இரண்டு இளைஞர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர்; அதையொட்டிய கலவரத்தில் காவல்படையினரின் குண்டுக்கு மூன்றாமவர் பலியானார். தூரின் நகரில் செம்படையணித் தலைவர்கள்மீதான வழக்கு மார்ச் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. முந்தைய ஆண்டு அந்நகர வழக்குரைஞர் சங்கத் தலைவர் ஃபுல்வியோ குரோச்சே கொல்லப்பட்டிருந்தார். அச்சத்தால் ஜூரிகளாக அமரவே பலர் மறுத்திருந்தனர்.

மார்ச் 16 காலை ஒன்பது மணியளவில் மோரோ நாடாளுமன்றத்துக்குப் புறப்பட்டார். கம்யூனிஸ்டுகளின் ஆதரவு பெற்ற ஆந்த்ரேயோத்தியின் புதிய அமைச்சரவைமீது அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஃபானி தெருவில் செம்படையணி வழிமறித்தது. மெய்க்காவலர் ஐவரும் மாண்டனர், மோரோ கடத்தப்பட்டார். 55 நாட்கள் நீண்ட சிறைவாசம் அவ்வாறு தொடங்கிற்று.

அந்நாட்களில் மோரோ எழுதினார். மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, கட்சியினருக்கு, போப்பாண்டவருக்கு என எண்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். அவற்றுள் பல உரியவர் கையைச் சேரவேயில்லை. உள்துறை அமைச்சர் கொஸ்ஸிகாவுக்கு எழுதியதே முதலில் வெளிவந்தது. அதை மறைவாக வைத்துக்கொள்ளுமாறு அவர் வேண்டியிருந்தார். மக்களிடம் எதையும் ஒளிக்கமாட்டோம் என்று கூறிச் செம்படையணி அதை அம்பலப்படுத்தியது. ஆனால் அதே அமைப்பு, மோரோவின் நீண்ட வாக்குமூலத்தை மக்களுக்கு வெளியிடவேயில்லை. ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதைப் பகிரங்கமாக்கியவர்கள், பகிரங்கமாக்குவோம் என்று உறுதியளித்ததைப் புதைத்தார்கள்.

மறுபக்கம் நடந்தது இதனினும் துயரமானது. ‘உறுதிநிலை’ என்ற பெயரில் இரண்டு பெருங்கட்சிகளும் பேச்சுவார்த்தையை மறுத்தன. சோஷலிஸ்டுகள் மட்டுமே வேறு வழி தேடினர். அரசு ஒரு கொள்ளைக்கூட்டத்துக்குப் பணிந்தால், இறந்த ஐந்து காவலர்களின் குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. பேச மறுத்ததை நான் குற்றமாகக் கூறவில்லை. ஆனால் மறுப்பு அத்துடன் நிற்கவில்லை. இக்கடிதங்களை மோரோவுடையவையாகக் கொள்ளலாகாது, அவர் தம் வசத்தில் இல்லை என்று சொல்லத் தொடங்கினர். நெடுநாள் நண்பர்கள் பலர் சேர்ந்து, தாங்கள் அறிந்த மோரோ இவரல்லர் என்று ஏப்ரல் இறுதியில் அறிக்கை விடுத்தனர். ‘உன் கோரிக்கையை ஏற்க இயலாது’ என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ‘கோருவது நீயே அன்று’ என்று சொல்வதற்கு அது தேவையில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அரசியலில் இருந்தவரை மோரோவின் நடை சுற்றிவளைப்புக்குப் பெயர்போனது. எதையும் மறுக்காமலும் எதையும் ஒப்பாமலும் நீண்டுசெல்லும் வாக்கியங்கள் அவருடையவை. அந்த மொழியின் புரியாமையைப் பற்றிக் கவிஞர் பசோலினி 1975இலேயே எழுதியிருந்தார். சிறையிலிருந்து வந்த கடிதங்களிலோ தெளிவு மிகுந்திருந்தது. பிற நாடுகள் கைதிகளை மாற்றிக்கொண்டதையும், இத்தாலியே முன்பு அவ்வாறு செய்ததையும் எடுத்துக்காட்டி, குற்றவியல் சட்டப் பேராசிரியருக்கு உரிய ஒழுங்கோடு அவர் வாதிட்டார். தம் இறுதிச் சடங்குக்கு அரசினரோ கட்சியினரோ வரலாகாது என்று எழுதினார். புரியாமல் பேசியவரைப் பெருந்தலைவர் என்று ஏற்றவர்கள், புரியும்படி எழுதியவரை நிலைகுலைந்தவர் என்றார்கள்.

போப் ஆறாம் பவுல், நிபந்தனையின்றி விடுவிக்குமாறு செம்படையணியினரை நேரடியாக விளித்து எழுதினார், பயனில்லை. மே 9 அன்று உடல் கிடந்த கயெதானி தெரு, இரண்டு பெருங்கட்சிகளின் தலைமையகங்களுக்கும் அருகில் உள்ளது. மோரோவின் விருப்பப்படி குடும்பத்தினர் தொரீத்தா திபெரினா என்னும் சிற்றூரில் அவரைத் தனிமையில் அடக்கம் செய்தனர். மே 13 அன்று லாத்தரன் பேராலயத்தில் அரசினர் கூடிய இரங்கல் திருப்பலியில் சவப்பெட்டி இல்லை, குடும்பத்தினரும் இல்லை. சொந்தக் கடிதங்கள் மறுக்கப்பட்டவர், இறந்தபின் தம் ஒரு சொல்லையாவது நிறைவேற்றிக்கொண்டார்.

அதே மே 13இல் மனநல மருத்துவர் பசாலியாவின் பெயரால் வழங்கும் சட்டமும் நிறைவேறியது. மனநோயாளிகளை மதிலுக்குள் அடைத்துவைக்கும் காப்பகங்களை மூட வழிசெய்த சட்டம் அது. பித்தர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் உரிமையுடைய குடிமக்களே என்று ஏற்ற அதே வாரத்தில், தெளிந்த அறிவோடு எழுதிய ஒருவரைச் சித்தம் கலங்கியவர் என்று ஒதுக்கிய நாடு, உடலற்ற சடங்கில் அவருக்காக அழுதது. அவ்வாண்டை முற்றிலும் இருளாகக் காட்டுவது பிழை. கருக்கலைப்புச் சட்டமும் தேசிய மருத்துவ சேவையும் அதே ஆண்டில் பிறந்தவை. குடியரசுத் தலைவர் லியோனே ஊழல் குற்றச்சாட்டுகளுக்கிடையே ஜூனில் பதவி விலக, பாசிசச் சிறையில் வாடிய முதுபெரும் போராளி பெர்த்தீனி ஜூலை 8 அன்று 832 வாக்குகளுடன் அப்பதவிக்கு வந்தார்.

சீனிசிக்குத் திரும்புவோம். பெப்பினோ மாஃபியாத் தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர். ‘ரேடியோ அவுத்’ என்னும் வானொலியில், தம் ஊரையே ‘மாஃபியோபொலி’ என்று அழைத்து, தாதா கயெத்தானோ பதலமெந்தியைப் பட்டப்பெயர் சூட்டிக் கேலிசெய்தார். மாஃபியாவின் அதிகாரம் பேசாமையின்மேல் நிற்பது; அதைப் பார்த்துச் சிரிப்பவனை அது பொறுக்காது. ஊராட்சித் தேர்தலில் அவர் வேட்பாளராக நின்ற வேளையில் கொலை நடந்தது. தண்டவாளத்துக்கு வெடிவைக்க முயன்ற தீவிரவாதி என்று காவல்துறை கதை எழுதியது. தற்கொலை என்றும் சொன்னது. ரோமின் சோகத்தில் மூழ்கிய நாடு அக்கதையைக் கேள்வியின்றி ஏற்றது. சில நாட்களில் நடந்த தேர்தலில் சீனிசி மக்கள் இறந்த பெப்பினோவையே உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.

இந்த இரண்டு பொய்களும் எவ்வாறு கலைந்தன? பொறுமையான வாசிப்பினால்தான். சிசிலியரான நாவலாசிரியர் லியனார்தோ ஷாஷா, அதே 1978இல் மோரோவின் கடிதங்களைக் கடிதங்களாகவே வாசித்து ஒரு நூல் எழுதினார். பகைவரின் கண்முன் எழுத நேர்ந்தவன் எதைச் சொல்வான், எதைச் சொற்களுக்குள் ஒளிப்பான் என்று வரிவரியாகப் பார்த்தார். 1978 அக்டோபரிலும் பின்னர் 1990 அக்டோபரிலும் மிலானின் ஒரே மறைவிடத்தில் கண்டெடுக்கப்பட்ட தாள்கள், மோரோ எத்தனை எழுதினார் என்பதைக் காட்டின. இன்று அக்கடிதங்கள் அவருடையவை என்பதை ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். சீனிசியில் பெப்பினோவின் தாய் ஃபெலிச்சியாவும் தம்பியும் தோழர்களும் இரத்தக்கறை படிந்த கற்களைத் தேடியெடுத்து, கட்டிய கதையை எதிர்த்து நின்றனர். 2002இல்தான் பதலமெந்திக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 24 ஆண்டுகள். தீர்ப்பைக் கேட்ட தாய் 2004இல் மறைந்தார்.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயங்கரவாதத்துக்குப் பலியானோரின் நினைவுநாளாக மே 9ஐ இத்தாலி கடைப்பிடிக்கிறது. சீனிசியிலும் அதே நாளில் பெப்பினோவை நினைவுகூரக் கூடுகின்றனர். ஒருவர் சொல்லை ஏற்பதும் மறுப்பதும் நம் உரிமை. அது அவருடைய சொல்தானா என்று நேர்மையாகப் படித்தறிவது நம் கடமை. பத்தாண்டுகளாக ஒருவர் எழுத்தை ஒருவர் கூடியிருந்து வாசித்துவரும் நாம், செய்துவருவது சிறிய காரியம் என்று எண்ணிவிட வேண்டாம்.