தோட்டம் காத்த கூட்டுறவு



ஓர் ஊர் தாழ்ந்து கிடந்தால் அதை உயர்த்த வேண்டியவர் யார்? அரசாங்கமா, ஊர் மக்களா? நம் கெடா மாநிலத் தோட்டங்களின் வரலாறு இந்தக் கேள்விக்கு விடை தருகிறது. அந்த வரலாற்றை இன்று சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நம் முன்னோருக்கு ஊர் என்பது லயம்தான். வரிசை வீடுகள், பொதுக் குழாய், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கள்ளுக்கடை. இவையெல்லாம் நின்ற நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு உண்டு. வேலை போனால் வீடும் போகும். தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களுக்கும் நிலைமை இதுவே.

1945இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது தோட்ட மக்கள் பசியிலும் நோயிலும் வாடினர். சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் திரும்பவேயில்லை. இந்த நிலையில்தான் 1946இல் பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை தோன்றியது. ஏ. எம். சாமி அதற்குத் தலைமை தாங்கினார். கள்ளை ஒழிக்க வேண்டும், லயத்தில் ஒழுங்கு நிலவ வேண்டும், தொழிலாளி தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்பவை அதன் நோக்கங்கள். இயக்கம் அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் பரவியது. 1947 தொடக்கத்தில் கள்ளுக்கடைக்கு எதிரான போராட்டம் காவல்துறையுடன் மோதலில் முடிந்தது. தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். பிரிட்டிஷ் ஆட்சி இயக்கத்தை அடக்கிவிட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்களிடம் உறுதி இருந்தது; ஒற்றுமையும் இருந்தது. ஆனால் ஆட்சி அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. ஆகவே அந்த நல்ல முயற்சி வேரூன்றுவதற்குள் பிடுங்கப்பட்டது.

அடுத்து வந்த ஆபத்து வேறு வகையானது. 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் தோட்டமாக வைத்திருக்கவில்லை. துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்குச் சில ஏக்கர் என்று விற்று இலாபம் பார்த்தார்கள். இதையே தோட்டத் துண்டாடல் என்றோம். பெரிய தோட்டத்துக்குக் குடியிருப்பு, மருந்தகம், பள்ளி என்ற பொறுப்புகள் உண்டு. சில ஏக்கர் வைத்திருப்பவர் அந்தப் பொறுப்புகளை ஏற்பாரா? பலர் வேலை இழந்தனர். வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. அந்த அளவுக்கு இது நாட்டுப் பிரச்சினையாகிவிட்டது.

இதற்கு ஒரு மாற்று வழி 1960இல் பிறந்தது. அன்றைய அமைச்சரும் ம.இ.கா. தலைவருமான துன் வீ. தி. சம்பந்தன், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத்தைத் துண்டாடுபவர் வாங்குவதற்கு முன், தொழிலாளரே சேர்ந்து வாங்கிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. பால் வெட்டுபவர் கையில் அவ்வளவு பணம் ஏது? ஆகவே 10 வெள்ளி வீதம் தவணையில் கட்டலாம் என்று வகை செய்யப்பட்டது. துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சேர்த்தார். சிறு துளி பெரு வெள்ளம் என்பதை நம் மக்கள் செயலில் காட்டினார்கள்.

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம்! பால் வெட்டிய கைகளே நிலத்துக்கு உரிமை கொண்டாடிய நாள் அது. அதன்பின் வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன. கூட்டுறவில் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். இதனால் எளியவரின் குரலுக்கும் மதிப்பு உண்டு.

ஆனால் நாட்டிலுள்ள எல்லாத் தோட்டங்களையும் ஒரு சங்கம் வாங்கிவிட முடியுமா? இங்கேதான் அரசாங்கத்தின் கை தேவைப்பட்டது. 1972இல் தேசிய நிலச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு தோட்ட நிலத்தைக் கைமாற்றவோ துண்டாடவோ வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி வந்தது. மக்களின் சேமிப்பு சில தோட்டங்களைக் காத்தது. சட்டம் மற்றத் தோட்டங்களுக்கு ஒரு வேலி போட்டது.

1990இல் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. வீடு, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி, பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் நிலம் ஆகியவை முதலாளியின் கடமை என்று அது கூறியது.

இவ்வளவும் நடந்தும் ஒரு குறை தீரவில்லை. தோட்டம் கூட்டுறவுக்குச் சொந்தமானாலும், லயத்து வீடு அதில் வாழ்ந்தவரின் பெயருக்கு எழுதப்படவில்லை. முறையான வீடு தருவதைச் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது, வீட்டுக்குச் சொந்தக்காரராக்கவில்லை. அதனால், தோட்டங்கள் பட்டணங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது எத்தனையோ குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் வாழும் நம்மவர் பலருக்கு இது சொந்தக் கதை.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? 1947இல் மக்கள் மட்டும் எழுந்தார்கள், ஆட்சி அடக்கியது. 1990இல் சட்டம் வந்தது. ஆனால் தன் குடியிருப்பில் குழாய் வறண்டு கிடப்பதைத் தொழிலாளர் எழுதித் தெரிவிக்காவிட்டால், அலுவலகத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பலன் கிடைத்தது.

ஆகவே லயத்தில் இருந்தாலும் தாமானில் இருந்தாலும் ஒரு குடியிருப்போர் குழுவை அமைத்துக்கொள்வோம். வடிகால் அடைப்பு, தெருவிளக்கு, பிள்ளைகளுக்கான படிப்பு இடம் என்று குறைகளை வரிசைப்படுத்துவோம். நாமே செய்யக்கூடியதை நாமே செய்வோம். மற்றதை எழுத்தில் கேட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொள்வோம். வீட்டுடைமைத் திட்டம் என்று யாராவது பேசினால், வீடு யார் பெயரில் எழுதப்படும் என்பதை முதலில் கேட்போம். புக்கிட் சிடிமுக்குப் பின்னும் எஞ்சி நின்ற கேள்வி அதுதான்.