சாவு வீட்டு விருந்தும் சாசேஜ் விஷமும்

1895 டிசம்பர். பெல்ஜியத்தில் எல்ஸெல் என்ற சிற்றூர். ஒரு முதியவரின் இறுதிச் சடங்கில் வாசித்து முடித்த பேண்டு வாத்தியக்காரர்கள் பசியோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். உப்பு நீரில் ஊறிய பன்றித் தொடைக்கறியை வேகவைக்காமலே பரிமாறினார்கள். சாப்பிட்ட பலருக்கும் பார்க்கும் பொருளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியது. இமையைத் தூக்க முடியவில்லை. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. மூன்று பேர் இறந்துபோனார்கள்.

இந்த நோய் ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில், பன்றி அடித்தால் அதன் ரத்தத்தையும் ஈரலையும் குடலிலோ இரைப்பையிலோ திணித்து, அவித்து, புகைமூட்டி வைத்துக்கொள்வார்கள். 1793இல் வில்ட்பாடில் அப்படியொரு சாசேஜைத் தின்று 13 பேர் நோயுற்றார்கள். 6 பேர் பிழைக்கவில்லை.

அந்தப் பகுதி மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் இதை விடுவதாக இல்லை. மனிதர் கவிஞரும்கூட. கெட்டுப்போன சாசேஜிலிருந்து சாறு எடுத்துப் பூனைக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தார். பிறகு சில துளிகளைத் தன் நாக்கிலேயே விட்டுக்கொண்டார்! 1822இல் 155 பேரின் நோய்க்குறிகளைத் தொகுத்து நூலாக்கினார். காற்றுப் புகாத இடத்தில்தான் இந்த விஷம் உண்டாகிறது என்றும் கணித்தார். கிருமி என்ற ஒன்று நோய் தரும் என்று யாரும் நிறுவியிராத காலம் அது.

எல்ஸெல் கறியை ஆராய்ந்தவர் கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கம். கறியிலிருந்தும் இறந்த ஒருவரின் மண்ணீரலிலிருந்தும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதே பன்றியின் இன்னொரு தொடை யாருக்கும் கேடு செய்யவில்லை. நஞ்சான தொடை பீப்பாயின் அடியில், உப்பு நீருக்குள் மூழ்கிக் கிடந்தது. காற்று இல்லாத அந்த இடம் கிருமிக்கு வசதியாகப் போயிற்று. கெர்னர் சொன்னது சரிதான்.

இன்று அந்தக் கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். மண்ணில் எங்கும் இருக்கிறது. அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது. டப்பா உணவுத் தொழிற்சாலைகள் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவது அதனால்தான்.

1985இல் கனடாவின் வான்கூவரில் 36 பேரைப் பாதித்தது ஒரு உணவகத்தில் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த, எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டு. மண்ணில் விளையும் பூண்டோடு வித்து வந்தது. எண்ணெய் காற்றைத் தடுத்தது. நம் பூண்டு ஊறுகாயைக் காப்பது எலுமிச்சை, வினிகர் போன்றவற்றின் போதிய புளிப்பு. புளிப்பு மிகுந்த இடத்தில் இந்தக் கிருமி வளராது.

புளிப்புச் சேர்க்காமல் பூண்டை எண்ணெயில் போட்டு வைப்பவர்கள் ஃபிரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். உப்பிய டப்பாவைத் திறந்து ருசி பார்க்கவே கூடாது. இந்த விஷம் நாற்றத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று நம்ப முடியாது.